ஸ்டேட்டர் செலவைக் குறைக்க

வாளையாறு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் என் வைண்டிங் பட்டறை. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் வரைகிறீர்களா? சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டரில் 24 ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) வேண்டாம்; 12 ஸ்லாட் போட்டு, சுழலும் ரோட்டரில் 10 காந்தத் துருவம் வையுங்கள். ஸ்லாட்டுகளுக்கு நடுவே நிற்கும் ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் காயில். பல பற்களைத் தாண்டிப் போகும் கம்பி இல்லாததால் வெளியே நிற்கும் காப்பர் குறையும், சுற்றுவதும் சுலபம். அதே 12 ஸ்லாட்டுக்கு 8 துருவம் என்றால் ஒரு சுற்றில் 24 இடத்தில் காந்தம் இடறும். 10 என்றால் 60 இடம், ஆனால் ஒவ்வொன்றும் லேசு. ஷாஃப்டைக் கையால் திருப்பினாலே விரலுக்குத் தெரியும்.

அப்புறம் ஸ்லாட் வாய். சுற்றும் மெஷினின் ஊசியை அளந்த பிறகே வரையுங்கள். நான் ஒருமுறை ஒடுக்கமாக வரைந்துவிட்டேன். ஊசி உரசிக் கம்பியின் இனாமல் பூச்சு உரிந்து, காயில்கள் ஷார்ட் ஆகிவிட்டன. பிரித்தெடுக்க மனசே வரவில்லை.

ரோட்டர் உள்ளே சுழல்வதானால், ஸ்டேட்டர் தகட்டின் நடுவில் வெட்டியெடுக்கும் வட்டத்திலேயே ரோட்டர் தகட்டையும் வெட்டுங்கள்.