கோழிகளின் நலனைப் பிறர் மனத்தில் பதிய வைப்பது எப்படி?

கோழிகளைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று பொதுவாகச் சொன்னால் மறுப்பவர் எவரும் இல்லை. கேட்டுத் தலையசைத்துவிட்டு, முன்பு எப்படி நடந்துகொண்டார்களோ அப்படியே நடந்துகொள்வார்கள். எனவே இரக்கம் காட்டுங்கள் என்று வேண்டிக்கொள்வதை விட, அந்தப் பறவை எப்படி வாழ விரும்புகிறது என்பதைக் காட்டுவதிலிருந்து தொடங்குவதே பயன் தரும்.

அதற்கு முதலில் நீங்கள் கோழியைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு பேடு புழுதியில் குளிப்பதைக் கவனியுங்கள். காய்ந்த மண்ணை அலகால் கொத்தித் தன் பக்கம் இழுத்துக் குவித்துக்கொண்டு, அதில் ஒருக்களித்துப் படுத்து, இறகுகளைச் சிலிர்த்தபடி காலாலும் சிறகாலும் மண்ணை வாரி மேலே இறைத்து, புழுதி தோல்வரை இறங்கும்படி நெடுநேரம் புரண்ட பின் எழுந்து உடம்பை உதறும். இறகில் தேங்கிய பழைய எண்ணெய்ப் பசை இதனால் நீங்குகிறது. கம்பிக் கூண்டில் வளரும் கோழியோ, ஒரு துகள் மண்கூட இல்லாத வெறுந்தரையிலும் இதே அசைவுகளைச் செய்து பார்க்கிறது. இந்த ஒரு செய்தியைப் பொறுமையாக விவரித்துச் சொன்னால், நீண்ட சொற்பொழிவு செய்யாததை அது செய்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முட்டையிட மறைவிடம் தேடுவதும், இரவில் உயரத்தில் ஏறி அடைவதும், நாள் முழுதும் தரையைக் கிளறி இரை தேடுவதும் இவ்வாறே அதன் பிறவி இயல்புகள்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோழிகளின் கூண்டைப் பற்றிப் பேசுவதானால் ஒரு ஏ4 தாளைத் தரையில் வையுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெற்றுக் கூண்டுகளுக்கு, அதாவது மறைவிடமோ ஏறி அமரும் கட்டையோ இல்லாத கம்பிக் கூண்டுகளுக்கு, தடை வருமுன் சட்டம் ஒரு கோழிக்குக் கேட்ட குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர்தான். அந்தத் தாளை விடக் குறைவு. 1999-இல் முடிவு செய்யப்பட்ட அந்தத் தடை 2012 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கே கூண்டுகளே ஒழிந்துவிட்டன என்று சொல்லிவிடாதீர்கள். முட்டையிடும் மறைவிடமும் ஏறி அமரும் கட்டையும் கொண்ட, கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் அளிக்கும் கூண்டுகளை அதே சட்டம் அனுமதித்தது. ஒரு விவரத்தை மிகைப்படுத்தி மாட்டிக்கொண்டால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கறிக்கோழிகளின் நிலை வேறு. ஏறத்தாழ ஆறு வாரங்களில் வெட்டும் எடையை எட்டுமாறு இனத்தேர்வு செய்யப்பட்டவை என்பதால், பல பறவைகளின் கால்களால் அந்த எடையைத் தாங்க முடிவதில்லை. முட்டை இனங்களில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுவதைப் பலர் அறியவே மாட்டார்கள். ஜெர்மனி இதை 2022 முதல் தடை செய்துள்ளது.

இவற்றையெல்லாம் விட உடனே மாற்றக்கூடியது, கோழியைத் தூக்கும் முறை. கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும்போது அது அமைதியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம் கோழிக்கு இல்லை. தலைகீழாகும்போது வயிற்று உறுப்புகளின் பாரம் மூச்சை நெருக்குகிறது. இரு கைகளாலும் சிறகுகளை உடலோடு அணைத்துப் பிடித்து, அடிப்பகுதியைத் தாங்கி, உங்கள் மார்போடு சேர்த்துத் தூக்குங்கள். மார்பெலும்பு அசைந்தால்தான் கோழியால் மூச்சுவிட முடியும் என்பதால், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. குஞ்சை ஆசையாக இறுக்கி அணைக்கும் குழந்தைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். இதைச் சொல்லால் விளக்குவதை விடச் செய்து காட்டுவதே சிறந்தது.

பண்ணை நடத்துபவரிடம் பேசும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவருக்குத் தெரிந்த பலவும் உங்களுக்குத் தெரியாது. அவர் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. கொட்டகையில் கோழியின் உயரத்துக்குக் குனிந்து சிறிது நேரம் இருந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். கண் எரிந்தால், தரையில் பரப்பிய ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு அங்கே மிகுந்திருக்கிறது. அதே ஈரம் கோழிகளின் பாதங்களையும் புண்ணாக்கும். கூளத்தைக் கிளறி உலர வைப்பதும், காற்றோட்டத்தைச் சரிசெய்வதும் பறவைக்கு மட்டுமன்றி அவருக்கும் நன்மை என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

படம் காட்டுவதானால், எங்கே எப்போது எடுத்தது என்று தெரிந்த படத்தை மட்டும் காட்டுங்கள். குருதி தோய்ந்த காட்சிகளைத் தவிர்ப்பதே நல்லது. பலர் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அதன்பின் நீங்கள் சொல்வது காதில் விழாது. அனுமதியின்றிப் பண்ணைக்குள் நுழையாதீர்கள். ஒரு பண்ணையில் அணிந்த செருப்போடு இன்னொன்றுக்குப் போவதும் கூடாது. பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் அப்படியும் பரவும்.

பேசி முடித்ததும், கேட்டவர் கையில் உள்ள ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். மொத்தமாக முட்டை வாங்கும் விடுதிப் பொறுப்பாளரிடம் கூண்டில்லாப் பண்ணையிலிருந்து வாங்க முடியுமா என்று எழுத்தில் கேட்கலாம். வீட்டில் நான்கைந்து கோழி வளர்ப்பவரிடம் ஒரு மூலையில் காய்ந்த மண்ணும் ஏறி அமர ஒரு கட்டையும் வைக்கச் சொல்லலாம். சில வாரங்கள் கழித்து, என்ன ஆயிற்று என்று மறுபடியும் போய் விசாரியுங்கள்.