ஜப்பானில் மேற்படிப்பு: மொழியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்

ஜப்பானில் மேற்படிப்புக்குத் தயாராகிற பலர் ஒரே மாதிரி கணக்குப் போடுகிறார்கள். முதலில் மொழி, அது தேறியதும் பல்கலைக்கழகம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஜே.எல்.பி.டி. எனப்படும் மொழித்திறன் தேர்வில் ஐந்து நிலைகள்; என்-5 தொடக்கம், என்-1 உச்சம். என்-2 சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, யாரிடம் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அந்தப் பேராசிரியரின் ஆய்வகப் பக்கத்தை ஒருநாள் திறந்தேன். ஓய்வு நெருங்குவதால் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. முந்தைய வருடமே போட்ட அறிவிப்பு அது. மொழியும் விண்ணப்பமும் ஒன்று முடிந்து இன்னொன்று என்று செய்கிற வேலைகள் இல்லை, கூடவே நடக்கவேண்டியவை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கணக்கிலிருந்து முளைத்தவைதான்.

முதல் அடி நாட்காட்டியில் விழும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; செப்டம்பர், அக்டோபரில் சேர்க்கும் துறைகளும் உண்டு. ஏப்ரலில் சேர்வதற்கான நுழைவுத்தேர்வை, அதாவது 'இன்ஷி'யை, பல துறைகள் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வைத்துவிடுகின்றன. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் முடிந்துவிடும். ஜே.எல்.பி.டி. நடப்பது ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறுகளில். ஜூலைத் தேர்வின் முடிவு ஆகஸ்ட் கடைசியில்தான் வரும். அந்த மதிப்பெண்ணை நம்பி இருந்தால் ஒரு வருடம் போச்சு. முந்தைய டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாகப் போகிறவர்கள் இன்னும் முன்னதாக விழித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் வரும், பயணம் அடுத்த வருடம். ஆய்வுத்திட்டத்தை விண்ணப்பத்தோடேயே கேட்பார்கள்.

அப்புறம், ஜே.எல்.பி.டி.யையே முழு மொழி என்று நினைப்பது. என்-2 தேற 180க்கு 90 போதும், மூன்று பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 19க்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அது. ஒரு வரி எழுதவேண்டாம், ஒரு சொல் பேசவேண்டாம். மேற்படிப்பு கேட்பதோ எழுத்தையும் பேச்சையும்தான்: ஆய்வுத்திட்டம், நேர்காணல், வாராவாரம் நடக்கும் ஸெமி என்ற ஆய்வுக்கூட்டம். வகுப்பில் முதலில் 'டெஸ்', 'மஸ்' என்று முடியும் பணிவு நடையைக் கற்கிறோம். ஆய்வுத்திட்டமும் கட்டுரையும் பொதுவாக 'டெஅரு' என்று முடியும் நடையில் எழுதப்படுகின்றன. இரண்டையும் கலந்தால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். என்-3 அளவுக்கு வந்ததுமே உங்கள் துறைக் கட்டுரைகளின் சுருக்கத்தை வாரம் ஒன்றாவது படிக்கத் தொடங்குங்கள். ஜே-ஸ்டேஜ் தளத்தில் பல ஜப்பானிய ஆய்விதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்கோ கென்க்யூ என்றால் முன்பு நடந்த ஆய்வுகள், கசெட்சு என்றால் கருதுகோள். எந்தத் துறைக்குப் போனாலும் இவை வரும், ஆனால் தொடக்கநிலைப் பாடங்களில் கண்ணில் படாது.

டெஸ், டெஅரு என்று தமிழில் எழுதியிருக்கிறேனே, அதை நம்பி உச்சரிக்காதீர்கள். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு மனப்பாடம் செய்வது நம்மிடம் மட்டுமே உள்ள தவறு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஜப்பானியத்தில் இருக்கும் வேறுபாடு முதல் ஒலி மட்டுமே, ஒன்றில் 'கண்' என்பதில் வரும் க, மற்றதில் 'தங்கம்' என்பதில் வரும் க. தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்'. வானிலையும் மின்சாரமும் இப்படியே குழம்பும், தமிழில் இரண்டும் 'டென்கி'. ஹிரகானா என்ற ஜப்பானிய அடிப்படை எழுத்துகளை முதல் இரண்டு வாரத்திலேயே படித்துவிட்டு, குறிப்பேட்டில் அதை மட்டும் எழுதுங்கள். குறில் நெடிலில் நமக்குக் கவலையில்லை. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. இந்த வித்தியாசம் நம் காதுக்குத் தானாகவே கேட்கும். வினைச்சொல் கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கமானதுதான்.

தேவையில்லாத தேர்வுக்கு உழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஈ.ஜே.யு. என்ற தேர்வு முக்கியமாக இளங்கலைச் சேர்க்கைக்கு உரியது. உங்கள் துறை கேட்கிறதா என்று பார்க்காமல் அதில் இறங்கவேண்டாம். மறுபக்கம், ஜப்பானியம் படிக்கிற மும்முரத்தில் ஆங்கிலத்தை விட்டுவிடுகிறார்கள். ஜப்பானிய வழியில் நடக்கும் துறைகள்கூடப் பல டோஃபல் அல்லது டோயிக் மதிப்பெண் கேட்கின்றன. டோஃபல் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும்.

மூன்று வருட இளங்கலை படித்தவர்கள் இதை இன்றைக்கே பாருங்கள். ஜப்பானில் முதுகலையில் சேர 16 வருடக் கல்வி என்பது பொதுவான நிபந்தனை. பள்ளி 12, கல்லூரி 3 என்றால் 15தான் ஆகிறது. இதற்காகக் கதவு மூடிவிடாது. மூன்று வருடப் பட்டத்தை ஏற்கும் இடங்கள் உண்டு, தனித் தகுதிப் பரிசீலனை நடத்தும் இடங்களும் உண்டு. ஆனால் அந்தப் பரிசீலனைக்கான கடைசித் தேதி விண்ணப்பத் தேதிக்கு முன்னால் வந்துவிடும். அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடலாம்.

'கென்க்யூசெய்' என்ற ஆய்வு மாணவர் நிலையைப் பற்றியும் ஒரு குழப்பம். அது பட்டப்படிப்பு இல்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ பேராசிரியரிடம் இருந்துகொண்டு இன்ஷிக்குத் தயாராகலாம். தேறாவிட்டால் முதுகலை இடம் கிடையாது. தேசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்குச் சேர்க்கைக் கட்டணம் 84,600 யென், மாதக் கட்டணம் 29,700 யென். முதுகலைக்குப் போகும்போது 2,82,000 யென் சேர்க்கைக் கட்டணம் தனி. 'சேர்த்துக்கொண்டார்கள்' என்று கொண்டாடிவிட்டு இன்ஷியின் பழைய வினாத்தாள்களைத் தொடாமலே இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் சறுக்குவது பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி இருபது பேருக்கு அனுப்பினால் படிப்பவருக்குத் தெரியாமல் போகாது. எழுதுவதற்கு முன் அவருடைய கட்டுரை ஒன்றையாவது படியுங்கள். காக்கென் என்ற தரவுத்தளத்தில் பெயரைப் போட்டால், அரசின் ஆய்வு நிதியில் அவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியும். வயதையும் கவனியுங்கள், பல தேசியப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 65. பெயருக்குப் பின் எல்லாருக்கும் போடும் 'சான்' போடாதீர்கள், ஆசிரியருக்கு உரிய 'சென்செய்' என்றே எழுதுங்கள். பிப்ரவரியில் ஆய்வேடும் நுழைவுத்தேர்வும் அவர்கள் கழுத்தை நெரிக்கும், ஆகஸ்ட் நடுவில் ஒபோன் விடுமுறை. அந்த நாட்களில் பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மின்னஞ்சலை மொழிபெயர்ப்புக் கருவியிடம் முழுதாக ஒப்படைப்பதும் ஆபத்துதான். குற்றமில்லாத கெய்கோ, அதாவது உயர்மரியாதை நடை, கடிதத்தில் இருக்கும். இணையவழிப் பேச்சில் நீங்கள் திணறுவீர்கள். உங்களால் சொல்ல முடிந்ததையே எழுதி, அதை யாரிடமாவது காட்டித் திருத்தி வாங்குங்கள். பேசும்போது கேள்வி புரியாவிட்டாலும் 'ஹை', அதாவது 'ஆம்' என்று தலையாட்டுவதுதான் அடுத்த தவறு. 'மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமஸ்', இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கலாம். என் முதல் உரையாடலில் ஒரே கேள்விக்கு மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அந்தச் சென்செய் கேள்வியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, நான் படித்து முடிக்கும் வரை கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.