சமையல்காரர் சட்டி செய்யத் தொடங்கினால்: குளத்து மண்ணிலிருந்து அடுப்பு வரை

குசினியில் பல வருடம் நின்றவருக்கு மண்வேலை சுலபமாக வரும் என்பார்கள். பாதிதான் உண்மை. பதம் பார்க்கும் விரல் உதவும். நெருப்பைக் கூட்டி வேலையை முடிக்கும் பழக்கம் சட்டியை உடைக்கும். சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பழக்க நினைப்பவர் முதலில் தானே ஒரு கறிச்சட்டி சுட்டு, அதில் கறி வைத்துப் பார்த்துவிட வேண்டும். சக்கரம் வாங்க ஓடாதீர்கள். பழைய தாச்சி, பலகைத் துண்டு, ஈர்க்கு, நைலோன் நூல், ஒரு கரண்டி போதும்.

மண். ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது எடுங்கள். சிறு குளமென்றால் முதலில் கமக்கார அமைப்பிடம் கேளுங்கள். ஆட்கள் ஏற்கெனவே மண் வெட்டிப் பழகிய இடத்தில் மட்டும் வெட்டுங்கள். போர்க்கால வெடிபொருள் மண்ணுக்குள் கிடக்கக்கூடிய வன்னியில், பற்றைக்குள் புது இடம் தேடி மண்வெட்டி இறக்குவது கூடாத வேலை. இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் வந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

எடுத்த மண்ணை முழுதாகக் காயவைத்து, உடைத்து, பிறகு ஊறப்போடுங்கள். அரை ஈரமான கட்டி நாட்கணக்கில் கிடந்தாலும் கரையாது. நன்றாகக் காய்ந்த கட்டி தண்ணீர் பட்டதும் தானே உதிரும். நுளம்பு வலையில் வடித்து, துணியில் ஊற்றி இறுக விடுங்கள்.

மணல். 5 பங்கு மண்ணுக்கு 1 பங்கு அரித்த மணல். சூட்டில் சட்டி விரிந்து சுருங்கும்போது வெடிப்பு ஓடாமல் தடுப்பது இதுதான். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள சிப்பித்தூள் சூளையில் சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். நன்றாகச் சுட்ட சட்டியில் சில நாள் கழித்து வெள்ளைப் புள்ளியோடு சில்லுத் தெறித்தால் காரணம் அதுவே. ஓடை மணலிலும் கொஞ்சத்தை எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் விட்டுவிடுங்கள்.

கலந்த மண்ணில் ஒரு பட்டி செய்து, 10 செ.மீ. கோடு கீறிக் காயவிடுங்கள். கோடு 9 செ.மீ.க்குக் கீழே போனால் இன்னும் மணல் சேருங்கள்.

பிசைதல். ரொட்டிக்கு மா குழைப்பதுபோல மடித்து மடித்து அமத்தினால் காற்று உள்ளே போகும். மண்ணுக்கு அது கூடாது. உள்ளங்கையால் முன்னே தள்ளி, சுருட்டி, மடிப்பு மூடாமல் அமத்துங்கள். நூலால் குறுக்கே வெட்டினால் முகத்தில் துளை தெரியக்கூடாது.

உருவம். தாச்சிக்குள் ஈரத்துணி விரித்து, உள்ளே மண்ணைப் பரப்புங்கள். கவிழ்த்துப்போட்டு வெளிப்புறத்தில் பரப்பினால், மண் சுருங்கும்போது தாச்சி விட்டுக்கொடுக்காது, நடுவில் பிளக்கும். தடிப்பு எங்கும் 7, 8 மி.மீ. இருக்கட்டும், அடையாளம் வைத்த ஈர்க்கைக் குத்தி அளக்கலாம். விளிம்புக்குத் திரி திரியாக மண் வைத்து ஏற்றுங்கள். அடி உருண்டையாகவே இருக்கட்டும். தட்டை அடியில் மூலை வரும், வெடிப்பும் அங்கேதான் வரும். ஓரளவு இறுகியதும் உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டி, கரண்டி முதுகால் தேயுங்கள்.

காய்தல். சோளகக் காற்றில் வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து கீறும். விளிம்பில் ஈரச்சாக்குப் போட்டு, நிழலில் ஒரு கிழமையாவது விடுங்கள். பிறகு கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

சுடுதல். பெரும்பாலான சட்டி உடைவது முதல் ஒரு மணித்தியாலத்தில்தான். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் 100 பாகையில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தெறிக்கும். ஆகவே சட்டிகளைச் சுற்றித் தள்ளிச் சிறு நெருப்பு வைத்து, கையால் தொடமுடியாத சூடு வரும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் வாட்டுங்கள். வீட்டில் அவண் இருந்தால் 90 பாகையில் வாட்டுவது இன்னும் நல்லது.

பிறகு நிலத்தில் வறட்டி, பொச்சுமட்டை அடுக்கி, சட்டிகளைக் கவிழ்த்து, மேலே வைக்கோல் தடிப்பாகப் போட்டு, சேற்றால் மெழுகிப் புகைவாய்கள் விடுங்கள். பனைமட்டையை நடுவில் வைக்காதீர்கள். பக்கென்று எரிந்து ஒரு பக்கத்தை மட்டும் சுட்டுவிடும். இருட்டத் தொடங்கும் நேரம் நெருப்பு வைத்தால், புகைவாய்க்குள் சட்டி மங்கிய சிவப்பாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். அந்த நிறம் வராத மண் தண்ணீரில் மீண்டும் கரையும். விடியும்வரை கிளறவேண்டாம். 573 பாகையில் மணலிலுள்ள குவாட்ஸ் என்ற கனிமம் சட்டென்று அளவு மாறுகிறது. அந்த நேரம் குளிர்காற்றுப் பட்டால் கீறும். ஆறியதும் விரலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் எங்கோ கீறல்.

புதுச் சட்டியைச் சமையலுக்குப் பழக்குவதற்கு அதில் அரிசிக்கஞ்சியை மெல்லிய சூட்டில் காய்ச்சி, ஆறவிட்டுக் கழுவுங்கள். கஞ்சிப்பசை துளைகளை அடைக்கும். உள்ளே வர்ணம் எதுவும் பூசவேண்டாம்.

பிள்ளைகளோடு. பிள்ளைகளுக்கு முதல்நாள் சட்டி வேண்டாம். கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி (சின்ன மண்விளக்கு) செய்யட்டும்; ஆளுக்கு அரைக் கிலோ மண் தாராளம். மழை பிடிக்க முதல், புரட்டாதிக்குள் சுட்டு முடியுங்கள். காய்ந்த மண்ணை அரத்தாளால் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பிற்சேர்க்கை: சிட்டி எண்ணெயைக் குடிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள்.