டீப் கிளீனிங் முடிந்தது, ஈறு நோய்க்கு அடுத்து என்ன?

சாதாரண கிளீனிங் என்று நினைத்துப் போயிருப்பீர்கள். ஈறு நோய் இருக்கிறது என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாள் வலது பக்கம் இன்னொரு நாள் இடது பக்கம் என்று, ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்யும் டீப் கிளீனிங்கையும் முடித்துவிட்டார்கள். அப்புறம்தான் குழப்பம் ஆரம்பம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறார் ஒருவர், ஈறுக்குள் மருந்து வைக்கலாம் என்கிறார் இன்னொருவர், போதாக்குறைக்குக் கையில் ஈறு நிபுணருக்கு ஒரு கடிதம். புது நாடு, புது டாக்டர், எதற்குத் தலையாட்டுவது என்று தெரியாத நிலை. இது அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக.

முதல் சில வாரங்களில் நடப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஜில்லென்று எதைக் குடித்தாலும் கூசும், ஈறு கொஞ்சம் இறங்கி பல் நீளமானதுபோல் தெரியும், இரண்டு பல்லுக்கு நடுவே புதிதாகச் சந்து விழுந்ததுபோல் இருக்கும். "கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்று நம் வீடுகளில் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் பல்லைத் தாங்கும் எலும்பு ஈறு நோயால் கரைந்ததும் ஈறு விட்டுப்போனதும் முன்பே நடந்தது. வீக்கமும் காரையும் அதை மறைத்துக்கொண்டிருந்தன, அவை போனதும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கும், கூச்சத்துக்கான பற்பசையும் உதவும். காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வீக்கம் இருந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். அடுத்த சிகிச்சை என்ன என்பதை டீப் கிளீனிங் முடிந்த கையோடு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஈறு ஆற வேண்டும். ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்ப வரச் சொல்லி அளப்பார்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள்: மூன்று, இரண்டு, மூன்று... ஐந்து, நான்கு, ஆறு. பக்கத்தில் ஒருவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் உங்களுக்கு அது ஏதோ மந்திரம்போல் கேட்கும், ஆனால் முடிவே அந்த எண்களில்தான் இருக்கிறது, காது கொடுத்துக் கேளுங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம்தான் அது, மில்லிமீட்டரில். மூன்று வரை நல்லது. நான்கு, ஆனால் அளக்கும்போது ரத்தம் வரவில்லை என்றால் கவலையில்லை. ஐந்துக்கு மேல் என்றால் அந்தப் பள்ளத்துக்குள் உங்கள் பிரஷ் போகாது. ஆறும் அதற்கு மேலும் இன்னும் நின்றால் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். டீப் கிளீனிங்குக்கு முன் எடுத்த அளவையும் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு ஐந்தாக இறங்கியிருந்தால் அது நல்ல செய்தி. எண்ணே காட்டாமல் நேராக அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பவரிடம் நான் தேதி வாங்க மாட்டேன், இன்னொரு டாக்டரைப் பார்ப்பேன்.

எண்கள் நன்றாக இருந்தால் பராமரிப்புக் கட்டம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஆள் பிடிக்கும் வேலையோ என்று சந்தேகம் வருவது இயல்புதான், ஆனால் இந்த நோய் கட்டுக்குள் வருமே தவிர வேரோடு போகாது, கரைந்த எலும்பும் தானாக வளராது. ஈறுக்கு அடியில் கிருமிகள் சில மாதங்களில் திரும்பக் கூட்டம் சேர்க்கும். நாலைந்து இடத்தில் மட்டும் நான்கு, ஐந்து என்று ரத்தத்தோடு நின்றால், அந்த இடங்களை மட்டும் மறுபடி சுத்தம் செய்வதுதான் வழக்கமான அடுத்த படி. அப்போது பள்ளத்துக்குள் மினோசைக்ளின் தூளோ, டாக்ஸிசைக்ளின் ஜெல்லோ (இரண்டும் ஆன்டிபயாடிக்), குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிச் சில்லோ வைக்கலாம் என்பார்கள். கொஞ்சம் பலன் உண்டு, பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். கட்டணம் பல்லுக்குப் பல் ஏறுமா என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

மாத்திரையாக ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் கிடையாது. அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் இளவயதில் வேகமாக எலும்பு கரைபவர்களுக்கு, அதுவும் சுத்தம் செய்வதோடு சேர்த்து. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டால் வீக்கம் வடிந்து, நோய் உள்ளே அப்படியே ஓடும். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது.

ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத பள்ளங்களுக்கு ஃப்ளாப் சர்ஜரி. ஈறை மெல்ல விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்தே சுத்தம் செய்து, தையல் போட்டு மூடுவார்கள். ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். எலும்பு செங்குத்தாகக் குழிந்திருக்கும் இடங்களில் எலும்புத் தூள், மெல்லிய சவ்வு, எனாமல் புரத ஜெல் இவற்றில் ஏதாவது வைத்து இழந்ததில் ஒரு பகுதியை மீட்க முயலலாம். எலும்பு சமமாகத் தேய்ந்த இடத்தில் இது சரிப்படாது. எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, எந்தக் குழியில் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லச் சொல்லுங்கள். லேசர் என்றதும் நவீனம், வலியில்லை என்று மயங்க வேண்டாம்: பெரியோடான்டாலஜிக்கான (ஈறு மருத்துவத்துக்கான) ஐரோப்பியக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டீப் கிளீனிங்கோடு லேசரைக் கூடுதலாகச் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாதவருக்கு ஈறு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் பல்லிடுக்கு பிரஷ் எந்த அளவு வேண்டும் என்று பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டிடம் கேட்டு, அவர் முன்னாலேயே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். சந்து பெரிதாக இருக்கும் இடத்தில் நூலைவிட அதுதான் வேலை செய்யும். குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கழுவியை மாதக்கணக்கில் ஓட்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், சொன்ன நாளோடு நிறுத்துங்கள்.

பல்லை எடுத்துவிட்டு எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் வைத்துவிடலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் அவசரப்படாதீர்கள். ஆடும் பல்லெல்லாம் எடுக்க வேண்டிய பல் இல்லை, அதோடு ஈறு நோய் வந்தவருக்கு இம்பிளான்டைச் சுற்றியும் அதே மாதிரி எலும்பு கரையும் ஆபத்து அதிகம்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் கடைசி ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று. அது கூடினால் ஈறு சரியாக ஆறாது. ஈறைச் சரிசெய்தால் அதுவும் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், ஏனென்றால் அது சிலருக்கு ஈறை வீங்க வைக்கும். புகையிலை எந்த வடிவில் என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், புகைப்பவருக்கு நோய் இருந்தும் ரத்தம் குறைவாகத்தான் வரும், அளப்பவரே ஏமாறலாம்.

பணம் பற்றி ஒன்று. பல நாடுகளில் மருத்துவக் காப்பீடு வேறு, பல் காப்பீடு வேறு. டீப் கிளீனிங்குக்குப் பிறகு வரும் பராமரிப்பை வருடத்தில் இரண்டு முறை கிடைக்கும் சாதாரண கிளீனிங் கணக்கில் சேர்க்காமல் போகலாம். சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்று பதில் வந்த பிறகு தேதி குறியுங்கள். பேச்சு புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேளுங்கள். வீடோ வேலையோ மாறி வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் அந்த அளவுப் பட்டியலையும் எக்ஸ்ரே கோப்புகளையும் உங்கள் மின்னஞ்சலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.