பிரீமியம் உயர்ந்துவிட்டதா? பாலிசியை விடும் முன்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு 27,000 ரூபாயாக இருந்த எங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், இந்த முறை 36,000 என்று வந்தது. வயிறு எரிந்தது. ஆனாலும் கோபத்தில் பாலிசியை விட்டுவிடாதீர்கள். பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காத காலம், முதலிலிருந்து தொடங்கும். என் சர்க்கரை நோய்க்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தவன் நான்.

முதலில் ரசீதைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம். வரி போட்டிருந்தால் விடாமல் கேளுங்கள்.

பாலிசியை விடாமல் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்கள் முன்பே விண்ணப்பியுங்கள். காத்திருந்த காலம் வீணாகாது. நோயை மட்டும் மறைக்காதீர்கள்.

அறை வாடகை வரம்பை, அதாவது மருத்துவமனை அறைக்குப் பாலிசி எவ்வளவு வரை தரும் என்பதை, கட்டாயம் படியுங்கள். மனைவியின் அறுவை சிகிச்சையின்போது வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினோம். வாடகையில் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம் உட்பட அதே விகிதத்தில் வெட்டினார்கள். மீதிப் பணத்துக்காக வாங்கிய கடனை அடைக்க எட்டு மாதம் ஆனது.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அந்த வருமான வரம்பை உயர்த்த வேண்டும் என்பேன். நடுவில் நிற்பவர்களே அதிகம் தவிக்கிறார்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகம் செல்லுங்கள். என் பட்டறையில் பற்றவைக்கும் இருவரை நானே அழைத்துப்போனேன்.