டைகுளோரோமீத்தேனை ஒதுக்கிய கதை

எங்கள் ஆய்வகத்தில் கழிவு கேன் சீக்கிரம் நிரம்பக் காரணம் வினைகள் இல்லை, அப்புறம் நடக்கும் சுத்திகரிப்புதான். சிலிக்கா தூள் வழியே கரைப்பானை ஓடவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் சிலிக்கா குரோமட்டோகிராபிக்கு, டைகுளோரோமீத்தேன், மெத்தனால் என்ற கரைப்பான்கள் லிட்டர் கணக்கில் போகும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும்; ஃப்யூம் ஹுட்டுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) வெளியே திறந்தால் மூச்சில் ஏறிவிடும்.

மாற்றாக எத்தில் அசிட்டேட்டையும் எத்தனாலையும் 3:1 அளவில் கலந்து, அதை ஹெப்டேனில் சேர்த்து டிஎல்சி தகட்டில் (சிலிக்கா பூசிய சிறு சோதனைத் தகடு) ஓட்டிப் பார்த்தேன். தகட்டில் வைத்த பொருளின் புள்ளி விறுவிறுவென மேலே ஏறியது. ஹெப்டேனில் அந்தக் கலவையின் பங்கைக் குறைத்து, ஆர்எஃப்பை (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) 0.3 பக்கம் கொண்டுவந்ததும் சிலிக்காவிலும் அழகாகப் பிரிந்தது. அமீன்கள் (நைட்ரஜன் உள்ள காரச் சேர்மங்கள்) மட்டும் ஒழுங்காகப் பிரியாமல் வால்போல் நீண்டு இழுத்தன. கொஞ்சம் அம்மோனியாக் கரைசல் விட்டதும் சரியானது.

ஹெப்டேனுக்குப் பதிலாக ஹெக்சேனை எடுக்கலாம்தான், ஆனால் அதைத் தொடவில்லை. அது உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்பைக் கெடுக்கும். ஹெப்டேன் 98 டிகிரியில் கொதிப்பதால் ரோட்டரியில் (கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் சுழல் கருவி) கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல வாக்யூம் பம்ப் இருந்தால் அதுவும் பெரிய தொல்லையில்லை.