பிளாஸ்கில் சூடு நெடுநேரம் நிற்க

பிளாஸ்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். கடத்த ஆளில்லாததால் அந்த வழியாகச் சூடு போகாது. கண்ணாடிக் குடுவையின் வெள்ளிப் பூச்சு கதிர்வீச்சையும் திருப்பி அனுப்பிவிடும். சூடு தப்பிப்பது பெரும்பாலும் கழுத்து, மூடி வழியாகத்தான். குளிர்ச்சிக்கும் இதே கணக்கு, திசை மட்டும் மாறும்.

பானத்தை ஊற்றும் முன் கொதிநீர் நிரப்பி, மூடி, 5 நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். இல்லாவிட்டால் ஜில்லென்றிருக்கும் உட்சுவரே முதல் சூட்டைக் குடித்துவிடும். குளிர்பானத்துக்கு ஐஸ் தண்ணீர். கண்ணாடிக் குடுவை என்றால் முதலில் வெதுவெதுப்பான நீர். திடீரென்று கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். மூடிக்குக் கீழே 1 செ.மீ. இடம் விட்டு நிரப்புங்கள். அரை பிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும்: உள்ளே இருக்கும் சூடு பாதி, கசிவோ ஏறக்குறைய அதேதான்.

சூடு நிற்கவில்லையா? கொதிநீர் ஊற்றி மூடி, 10 நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தருகே லேசான வெதுவெதுப்பு இயல்பு. நடுப்பகுதியோ அடியோ சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. வீட்டில் சரிசெய்ய முடியாது. அங்கே சூடே தெரியாவிட்டால் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தளர்ந்திருக்கும், அல்லது கழுவிய பின் சரியாக உட்காராமல் இருக்கும்.

பால் கலந்ததை மணிக்கணக்கில் வைக்காதீர்கள்; வெதுவெதுப்புக்கு இறங்கியதும் கிருமி பெருகத் தொடங்கும்.